சும்மா கிடக்கிற நிலம்

வேங்கப்பட்டில் "கவுண்டர் சொல்லிட்டாரு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. எல்லைத் தகராறு, பெண் கொடுக்கல் வாங்கல், ஆட்டுக்கிடை போடுகிற முறை எதுவானாலும், சக்கரவர்த்தி கவுண்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஊர் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடும். அவருடைய அப்பன் காலத்திலும் பாட்டன் காலத்திலும் அப்படித்தான். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கியவன் என்று அந்த வீட்டில் ஒருவனும் இருந்ததில்லை. அதற்கு ஊர் கொடுத்த மரியாதை ஒன்று உண்டு. ஆனி மாதம் மழை இறங்கி சாமை விதைக்கிற முதல் நாள், முதல் பிடி விதை அந்த வீட்டுக் கையிலிருந்துதான் மண்ணில் விழும். அது விழுந்து, அதே கை ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிடி போட்ட பிறகே மற்றவர்கள் விதைப்பார்கள்.

மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம். ஒரு பிடி சாமையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சக்கரவர்த்தி கவுண்டருக்கு அதில்தான் எல்லாமும் இருந்தது. அறுபதைத் தாண்டியும் அவர் வளையாமல் நடந்ததற்கு அந்த ஒரு பிடிதான் காரணம் என்று அவர் மனைவி மாணிக்கம்மாள் கேலி செய்வதுண்டு. "அந்த வெதையை இவரு முழுங்கி வச்சிருக்காரு. அதான் குனிய மாட்டேங்குது" என்பாள்.

சித்திரையில் ஒரு நாள் காலை அவர் கிழக்குச் சரிவுக்குப் போனபோது, சரிவின் தலையிலிருந்து கால் வரை வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தது. கோட்டுக்கு உள்ளே ஒரு வண்டி நின்று, இரும்புத் துரப்பணத்தால் தரையைக் குடைந்துகொண்டிருந்தது. சோலார் கம்பெனி இன்ஜினியர் ரஞ்சித், தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான்.

"இன்னா தம்பி, கெணறு தோண்டுறீங்களா?"

"இல்லைங்க ஐயா. தூண் நிறுத்துறதுக்கு மண்ணு சோதனை. குழி எடுத்து கான்கிரீட் போடுவோம். அதுமேல பேனல்."

"கான்கிரீட் எதுக்கு? நாலு காலு வச்சு நிக்க வச்சா ஆவாதா? நாளைக்குத் தூக்கிட்டுப் போவணுமே."

ரஞ்சித் சிரித்தான். பெரியவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான். "இருபத்தஞ்சு வருசத்துக்குத் தூக்குற வேலையே இல்லைங்க."

கவுண்டர் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஒரு மூலையை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். கோடு முழுச் சரிவையும் வளைத்திருந்தது. ஊரில் பாதிக் குடும்பங்களின் மானாவாரிக் கொல்லை அதற்குள் இருந்தது. அவர் திரும்பி நடந்தார். காலில் செருப்பு இருந்தும் தரை சுட்டது.

நடந்தது இதுதான். மாசி மாதம் புளி எடை போடுகிற நாள். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கிற உமர் ஃபாரூக் பாய் வழக்கம்போலத் தாமே ஜீப்பில் வந்திருந்தார். அந்தக் குடும்பத்துக்கும் வேங்கப்பட்டுக்கும் மூன்று தலைமுறைப் பழக்கம். பாயின் தாத்தா தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க மலையேறினார். பட்டைக்குப் பதிலாக ரசாயன மருந்து வந்த பிறகு பாயின் தகப்பனார் புளி வாங்க ஏறினார். இத்தனை காலத்தில் ஒரு துண்டுக் காகிதம் எழுதியது கிடையாது. கேட்கிறவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார். எடுத்துக்கொண்டால் வார்த்தை கொடுத்ததாகப் பொருள்.

அன்று புளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே பாய் கேட்டார். "கவுண்டரே, அந்தக் கிழக்குச் சரிவுல இப்ப இன்னா போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல பாய். சும்மா கெடக்குது."

"சும்மாவா கெடக்குது?"

"மூணு வருசமா சும்மாதான் கெடக்குது."

பாய் தம் கஷ்டத்தைச் சொன்னார். வெளிநாட்டில் செருப்பு விற்கிறவன் இப்போது தோலை மட்டும் பார்ப்பதில்லை. அந்தத் தோல் எந்தக் கரண்டில் ஓடின மிஷினில் வந்தது என்று கேட்கிறான். நிலக்கரிக் கரண்டு என்றால் முகத்தைச் சுளிக்கிறான். சர்க்காரோ, சோலார் போடுகிறவன் விளைகிற நிலத்தைத் தொடக்கூடாது, தரிசில் போடு என்கிறது. "உங்க சரிவுல வெயிலு சுத்தமா விழுது. ஒரு கம்பெனியை வச்சு சோலார் போட்டுக்கறேன். குடுப்பீங்களா?"

கவுண்டருக்கு அதில் மறுக்க ஒன்றும் தெரியவில்லை. மழை முன்போல இல்லை என்று அவருக்கே தெரியும். பெய்தால் ஒரே நாளில் கொட்டி மண்ணை அடித்துக்கொண்டு போகிறது, இல்லாவிட்டால் ஆடி முழுக்க வானம் வெளுத்துக் கிடக்கிறது. புகையைக் குறைக்க வேண்டும் என்றால் குறைக்கத்தான் வேண்டும். அவர் வீட்டுக் கூரையிலேயே ஒரு சோலார் பேனல் இருந்தது, சொந்தப் புளி விற்று வாங்கியது. சர்க்கார் இனாமாக நட்டுவிட்டுப் போன சோலார் கம்பங்கள் ஊரில் நான்கு நின்றன, ஒன்றும் எரியவில்லை. யாருடைய பொருள் என்று தெரியாததால் பேட்டரி போனபோது யாரும் கேட்கவில்லை. அவர் பேனலை மாணிக்கம்மாள் வாரம் ஒருமுறை துணியால் துடைத்தாள். காவலூர் வானாய்வு நிலையத்துக்காரர்கள் வந்து, வெளிச்சம் மேலே போனால் நட்சத்திரம் தெரிவதில்லை என்று பணிவாகக் கேட்டபோது, சட்டம் வருவதற்கு முன்பே ஊரில் எல்லா விளக்குக்கும் தகரத்தொப்பி போட வைத்தவரும் அவர்தான். கேட்கிறபடி கேட்டால் மலைக்காரன் இல்லை என்று சொல்லமாட்டான். அதிகாரம் பண்ணினால்தான் அவனுக்குக் காது கேட்காது.

அதனால் பாய் கேட்டதும், ஊரார் பார்த்திருக்க, பாய் நீட்டிய தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "போட்டுக்க பாய்" என்றார்.

அவர் மனதில் இருந்தது ஆட்டுக்கிடை. விதைக்காமல் விட்ட கொல்லை ஆறுகிற காலத்தில் இடையர்கள் வந்து கேட்பார்கள். சில மாதம் கிடை போடுவார்கள். மழைக்கு முன் கிளம்பிவிடுவார்கள். நிலத்துக்கும் நஷ்டமில்லை, வந்தவனுக்கும் பிழைப்பு. பேனலும் அப்படி வந்து, கொல்லை ஆறுகிறவரை வெயில் தின்றுவிட்டு, விதைக்கும் முறை வரும்போது எழுந்து போகும் என்று அவர் எண்ணினார். இப்படியும் ஒருவன் எண்ணுவானா என்று கீழ்நாட்டில் சிரிப்பார்கள். மலையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் எண்ணியிருப்பான்.

சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துத் திரும்பிய அன்று மதியமே பச்சையம்மா வந்துவிட்டாள். கவுண்டருக்குத் தங்கை முறை. புருஷன் போன பிறகு கிழக்குச் சரிவில் இருந்த கொல்லையை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். இந்த ஆனியில் அந்தக் கொல்லைக்கு விதைப்பு முறை வந்திருந்தது. வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, என் கொல்லையில குழி தோண்டுறான். கேட்டா, தரிசு நெலம்மான்றான். எது தரிசு?"

"நான் தரிசுன்னு சொல்லல, பச்சையம்மா."

"வேற இன்னா சொன்ன?"

"சும்மா கெடக்குதுன்னு சொன்னேன்."

"என் மவ புள்ள பெத்துட்டு பாயில சும்மாதான் கெடந்தா. வூட்டுக்கு ஆவாதவள்னு வெளிய தள்ளிட்டோமா? கஞ்சி வச்சுக் குடுத்தோமா இல்லியா?"

உள்ளேயிருந்து மாணிக்கம்மாள், "அவருக்கு நல்லா கஞ்சி வச்சுக் குடுத்துதான் இப்படி ஆயிட்டாரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பச்சையம்மா, "நீ குடுத்த வார்த்தை, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கத்தியிருந்தால் கவுண்டர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தாததால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாலையில் காவலூரிலிருந்து மகன் வெற்றிவேல் வந்தான். அவன் வயரிங் வேலை செய்கிறவன். சோலார் வேலை தொடங்கினால் தனக்கும் ஒரு வேலை உண்டு என்று இருந்தவன்.

"நைனா, பச்சையம்மா அத்தை அழுவுறதுக்காக இதை நிறுத்தப் போறியா? உலகமே சூடாவுது. எல்லாரும் எங்க ஊர்ல வேணாம், எங்க கொல்லையில வேணாம்னா எங்கதான் போடுறது?"

"நான் சோலார் வேணாம்னு சொன்னேனாடா?"

"பின்ன?"

"மலையில மண்ணு சேர ஒரு பாட்டன் காலம் ஆவுது. அதைக் குடைஞ்சு சிமெண்ட்டு ஊத்திட்டா உன் பேரன் இன்னா பண்ணுவான்? புகையைக் கொறைக்கிறது நாளைக்கு இருக்கிறவனுக்காகத்தானே? அவன் சோத்தை எடுத்துட்டா கொறைக்கிறது?"

"அதை வெத்தல எடுக்கறதுக்கு முன்ன யோசிச்சிருக்கணும்" என்றான் வெற்றிவேல். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனை அப்படிப் பேசியது அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சொன்னது உண்மை. அந்த வீட்டில் உண்மையைச் சொன்னதற்காக யாரையும் அடித்ததில்லை.

மறுநாள் கவுண்டர் வெள்ளைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு பஸ் ஏறினார். தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். மூன்று தலைமுறைப் பழக்கத்தில் அந்த அளவுக்கு இடம் இருக்கும் என்று நம்பினார்.

தோல் ஷாப்பு ஊருக்கு வெளியே இருந்தது. நீளநீளமான ஷெட்டுகள், அவற்றின் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிமெண்ட் ஓட்டுக் கூரை. வெயில் அதில் அடித்து முகத்தில் தெறித்தது. ஆபீஸ் அறையில் பாயும், தொழிலைக் கூட இருந்து கவனிக்கிற அவர் மகள் ஆஸ்மாவும் இருந்தார்கள். பாய் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீயும் பிஸ்கட்டும் வந்தன.

"பாய், நான் சொன்னதை நீங்க இன்னான்னு எடுத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"சும்மா கெடக்குதுன்னேனே."

"ஆவாத நெலம்னு எடுத்துக்கிட்டேன். வேற இன்னா இருக்குது அதுல?"

கவுண்டர் சொன்னார். கொல்லை சில வருசம் விளையும், சில வருசம் ஆறும் என்றார். ஆறாத மண் மலையில் நிற்காது என்றார். கிடையைப் பற்றியும் சொன்னார். பாய் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"கவுண்டரே, உங்க வார்த்தையை வச்சு நான் நாலு எடத்துல வார்த்தை குடுத்துட்டேன். பேங்க்ல சொல்லிட்டேன். வெளிநாட்டுக்காரனுக்கு சொல்லிட்டேன். என்கிட்ட எழுத்து கேட்டாங்க. வேங்கப்பட்டுக் கவுண்டர் சொல்லிட்டாரு, எழுத்து பின்னால வரும்னேன். இப்ப நான் போய் இன்னா சொல்றது? எங்க கவுண்டர் தமிழு வேற, நம்ம தமிழு வேறன்னா?"

"தப்பு என்னுதுதான் பாய்."

"அதை இங்க சொல்லாதீங்க." பாயின் குரல் உயரவில்லை. ஆனால் இறுகியிருந்தது. "நாலு பேர் பார்க்க வெத்தல எடுத்தீங்க. வேணாம்னா அதே நாலு பேர் பார்க்க திருப்பிக் குடுங்க. நாலு சுவத்துக்குள்ள வாங்கிக்கிட்டா, நாளைக்கு இந்த துலுக்கன் கவுண்டரை மிரட்டி என்னவோ பண்ணிட்டான்னு ஒருத்தன் சொல்லுவான். என் வூட்டுக்கும் பேரு இருக்குது."

அதில் கவுண்டருக்குக் கோபம் வரவில்லை. பாய் இடத்தில் தாம் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டோடு பழக முடிந்ததும் அதனால்தான்.

எழுந்து வாசலுக்கு வந்தவர் நின்றார். எதிரே ஷெட்டுக் கூரை வெயிலில் பளபளத்தது. "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்தக் கூரை மேல இன்னா போட்டிருக்கீங்க?"

"கூரை மேல இன்னா போடுவாங்க? ஒண்ணும் இல்ல."

"அப்ப அதுவும் சும்மாதானே கெடக்குது?"

ஆஸ்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நான் ரெண்டு வருசமா இதைத்தான் சொல்றேன் மாமா. இந்த ஓடு வெயிட்டு தாங்காது, பிரிச்சிட்டு இரும்புல போட்டா பாதி கரண்டு இங்கயே வந்துடும்னு. அப்பா கேக்கல. தாத்தா நின்னு போட்ட கூரையாம். ஒரு ஓட்டைத் தொடக்கூடாதாம்."

"ஆஸ்மா" என்றார் பாய்.

"சரி, நான் பேசல."

இரண்டு பெரியவர்களும் சிறிது நேரம் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு கவுண்டர், "பௌர்ணமிக்கு ஊர் கூடும். வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் அருள்மணி வீட்டுக்கு வந்தான். பங்காளி. மூன்று தலைமுறைக்கு முன் ஒரே வீடாக இருந்து பிரிந்தவர்கள். முதல் பிடி விதை தங்கள் பக்கம் வந்திருக்க வேண்டியது என்று அருள்மணியின் அப்பன் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். கவுண்டர் வார்த்தையைத் திருப்பினால் அந்த உரிமை போய்ச் சேருகிற இடம் அருள்மணி வீடுதான். அவன் வந்ததைப் பார்த்ததும் கவுண்டர், இவன் சந்தோஷப்பட வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றான் அருள்மணி. "நீ தப்பா சொன்னேன்னு சொல்லாத. பாய்தான் ஒரு மூலைன்னு கேட்டுட்டு முழுச் சரிவையும் வளைச்சிட்டாருன்னு சொல்லு. ஊரே நம்பும். நெலமும் திரும்பும், உன் தலைப்பாகையும் நிக்கும்."

"நீ இதைச் சொல்ல வந்தியா?"

"நம்ம வகையறா பேரு கெட்டா எனக்கும்தானே கேடு. உன்கிட்டேருந்து இப்படி வாங்கினா அந்த வெதைக்கு இன்னா மதிப்பு?"

கவுண்டர் அவனை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். நாற்பது வருசமாக எதிரில் நின்றவனுக்குள் தம் வீட்டு முதுகெலும்பு இருந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவனுக்குத் தாமே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அருள்மணி சொன்னது நடக்கக்கூடியதுதான். ஊர் நம்பும். பாய் வெளியூர், வேறு சாமி, மறுத்துப் பேசினாலும் எடுபடாது. அந்த எளிமைதான் கவுண்டரை உறுத்தியது. ஒரு வார்த்தையைக் காப்பாற்ற மூன்று தலைமுறையைக் காட்டிக்கொடுத்தால், மிஞ்சுகிற வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலைப்பாகை நிற்கும். அதற்கடியில் தலை நிற்காது.

பௌர்ணமியன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. உமர் ஃபாரூக் பாய் வந்திருந்தார். கூட ரஞ்சித்தும் வந்திருந்தான். பாய்க்குக் கட்டில் போட்டார்கள்; அவர் எல்லோரையும் போலத் தரையில் உட்கார்ந்தார்.

வேங்கப்பட்டில் வார்த்தையைத் திருப்புவதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணால் பார்த்தவர்கள் இப்போது யாருமில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வெற்றிலையைக் குப்புறக் கவிழ்த்துத் தாம்பாளத்தில் வைத்து, கொடுத்தவனிடமே திருப்பி நீட்ட வேண்டும். நீட்டுகிறவன் தலையில் துணி இருக்கக்கூடாது.

கவுண்டர் எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்து, மடித்து, மாணிக்கம்மாள் கையில் கொடுத்தார். கூட்டத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் பலர் அவர் தலையை அன்றுதான் பார்த்தார்கள். முன்பக்கம் முழு வழுக்கை. ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"பாய் தப்பா கேக்கல" என்றார் கவுண்டர். "முழுச் சரிவுன்னுதான் கேட்டாரு. நான்தான் ஒரு மூலைன்னு நெனச்சுக்கிட்டேன். கெடையாட்டம் வந்து போவும்னு நெனச்சேன். நமக்குள்ள பேசுற சொல்லை வெளியாள்கிட்ட பேசினேன். சும்மா கெடக்குதுன்னா நமக்கு ஆறுதுன்னு அர்த்தம். அவங்களுக்கு ஆவாததுன்னு அர்த்தம். நெலம் உங்க எல்லாருது. உங்களைக் கேக்காம எடுத்தேன், அது மொதத் தப்பு. கேட்டிருந்தா பச்சையம்மா அன்னைக்கே சொல்லியிருப்பா."

பச்சையம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோலாரு வேணாம்னு நான் சொல்லல. அந்தாண்ட வழுக்குப்பாறை இருக்குது. புல்லு மொளைக்காது. ஊர் ஒத்துக்கிட்டா அதுல போடட்டும். நமக்கும் ஒரு பங்கு வச்சு, நாமளே பாத்துக்கறதா இருந்தா போடட்டும். இனாம்னா வேணாம். மண்ணுல சிமெண்ட்டு ஊத்த வேணாம். பாய், உங்களுக்கு நான் கஷ்டம் குடுத்துட்டேன். உங்க எதிர்ல இதை வைக்கிறேன்."

தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிவேல் அருகில் நின்றிருந்தான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாய் தாம்பாளத்தை உடனே வாங்கவில்லை. கவிழ்ந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தம் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

"எனக்கு நஷ்டம்தான். இல்லன்னு சொன்னா பொய்யி" என்றார். "பாறை எனக்குப் போதாது. எவ்வளவு ஆவும்னு பாக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். பழியை என்மேல போட்டுத் தப்பிச்சிருக்கலாம் நீங்க. வழியில நாலு பேரு என்னைப் பாத்த பார்வையிலேயே எனக்குத் தெரிஞ்சுது."

"மாசியில புளிக்கு வருவீங்களா பாய்?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மரம் காய்ச்சா வருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மழை ஆனி பிறந்தும் தாமதித்து, ஒரு நாள் காலையில் நிதானமாக இறங்கி, மண்ணை நனைத்துவிட்டு நின்றது. முதல் விதைப்பு கிழக்குச் சரிவில், பச்சையம்மாவின் கொல்லையில். அருள்மணி புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். மடியிலிருந்து விதையை அள்ளியவன் கவுண்டர் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான். கவுண்டர் வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால், வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னாடா பாக்கிறே? ஈரம் காயுது, போடு" என்றார்.

விதை விழுந்தது. அவர் முறை வந்தபோது அருள்மணி அவர் மடியில் ஒரு பிடி போட்டான், மற்றவர்களுக்குப் போட்டதைவிட ஒரு தானியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் அதை வாங்கிக்கொண்டு போய் விதைத்தார். விதைக்கும்போது குனிய வேண்டியிருந்தது. மாணிக்கம்மாள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கேலி செய்யவில்லை.

மதியம் ரஞ்சித் வந்தான். சுண்ணாம்புக் கோட்டில் நட்டிருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவன். அவன் கழுத்து வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"பேனல் போட பாய் எங்களை ஷெட்டு மேல ஏத்திட்டாருங்க. பழைய ஓடெல்லாம் பிரிக்கிறோம். உங்க வெற்றிவேலும் மேலதான் இருக்காரு. கால் வெந்துபோச்சுன்னு திட்டிக்கிட்டே வேலை பாக்குறாரு."

"பாய் இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலைங்க. தினம் வந்து பிரிச்ச ஓடுங்களை எண்ணிட்டுப் போறாரு. ஒண்ணைக்கூட உடைக்கக் கூடாதாம்."

கவுண்டர் தலையசைத்தார். அது அவருக்குப் புரிந்தது.

"கூரையும் ஊர் ஒத்துக்கிட்ட பாறையும் சேர்ந்தாலும் கொஞ்சம் பத்தாதுங்க" என்றான் ரஞ்சித். "மீதிக்கு செங்கம் பக்கம் நெலம் பாக்குறாங்க. தரிசுதானாம்."

"யாரு தரிசுன்னு சொன்னது? நெலத்துக்காரனா, வேற யாராவதா?"

"தெரியலைங்களே."

"கேட்டுக்க. எத்தினி வருசமா தரிசுன்னும் கேட்டுக்க."

ரஞ்சித் சரி என்றான். குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவன், சரிவின் மேல்பாதியைப் பார்த்து நின்றான். கீழ்ப்பாதியில் ஈரமண் கறுப்பாக உழுது கிடந்தது. மேல்பாதியில் முழங்கால் உயரப் புல்லும் செடியுமாக, ஆடுகள் மேய்ந்த தடத்தோடு, யாரும் தொடாத நிலம்.

"அங்க இன்னாங்க போட்டிருக்கீங்க, மேல?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்று கவுண்டர் தொடங்கினார். வாய்க்குப் பழகிப்போன அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதை அங்கேயே நிறுத்தினார். மடியில் ஒட்டியிருந்த சாமை உமியைத் தட்டினார்.

"அது ஆறிக்கிட்டு இருக்குது" என்றார். "ரெண்டு வருசம் கழிச்சு வந்து பாரு."